நீலக் குறி விழுந்தால் கேட்டதாக ஆகிவிடுமா?

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"இந்த மாதம் செல்போனைப் பற்றிப் பேசுங்கள்" என்று நம் இளைஞர்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் என் பிள்ளைகள் எனக்குச் சொல்லித்தருகிற பாடம் அது. அதை நான் உங்களுக்குச் சொல்வதா? செல்போன் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நிர்வாகக் குழு எடுத்த முடிவுகளையும் சொல்கிறேன்.

என் அத்தா சவூதியில் இருந்தார்கள். அவர்களுடைய கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்குக் கேசட் வரும். பாட்டுக் கேசட்டின் மேல்முனையில் இருக்கும் இரண்டு ஓட்டைகளையும் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டு, அதன் மேலேயே பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற சபராளி கையில் கொடுத்தனுப்புவார்கள். பாதிப் பேச்சு முடிந்ததும் நாகூர் ஹனிபாவின் குரல் வந்துவிடும்! கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கேசட் வந்த அன்று வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். ஒரு வார்த்தை புரியாவிட்டால் திருப்பிப் போட்டுக் கேட்போம்.

பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் குறைவு என்று காத்திருந்து, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினோம். என்ன பேச வேண்டும் என்று வீட்டிலேயே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவோம். தந்தி என்றால் பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். அந்தத் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. அடுத்த மாதமே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வசதி வந்தது. ஒரு வகையில் நம் பழைய கேசட்டே திரும்பி வந்துவிட்டது. இரண்டு வாரம் என்பது இரண்டு நொடி ஆயிற்று.

ஆனால் கேட்பவர் மாறிவிட்டார். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

போன வருஷம் கல்லூரிச் சேர்க்கை நேரம். நம் உதவி பெறும் ஒரு சகோதரி, கணவரை இழந்தவர், இரவு பத்து மணிக்கு என் எண்ணுக்குக் குரல் பதிவு அனுப்பினார். மூன்று நிமிடம் நாற்பது நொடி. நான் திறந்து பார்த்தேன். 'இவ்வளவு நீளமா, காலையில் கேட்போம்' என்று வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் எட்டுக் குழுக்களிலிருந்து காலை வணக்கப் படங்கள், துஆப் படங்கள், யாரோ எப்போதோ அனுப்பிய வீடியோக்கள். அவருடைய பதிவு அடியில் போய்விட்டது. மூன்றாம் நாள் லுஹருக்குப் பிறகுதான் ஞாபகம் வந்து கேட்டேன்.

முதல் இரண்டு நிமிடம் சலாம், நலம் விசாரிப்பு, தயக்கம். கடைசியில்தான் விஷயம். மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது, நாளை மதியத்துக்குள் 8,500 ரூபாய் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும் என்று சொல்லியிருந்தார். நான் கேட்டபோது அந்த 'நாளை' முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. நம் கல்வி நிதியில் அன்றைக்கு அதைப்போலப் பல மடங்கு பணம் இருந்தது. பணம் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தத் தாய் கோபப்படவில்லை. "நீலமாத்தானே காட்டுச்சு பாய், கேட்டுட்டீங்கன்னு நினைச்சு இருந்துட்டேன். இன்னொரு தடவை கேட்டா நச்சரிக்கிற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்த இரண்டு நீலக் குறிகளும், நான் திறந்து பார்த்தேன் என்று மட்டும்தான் சொல்லும். பதிவைக் கேட்டேனா என்பதைக் காட்டுவது பக்கத்தில் இருக்கும் சின்ன மைக் படம். கேட்ட பிறகுதான் அது நீலமாகும். எனக்கு இது தெரியும், அவருக்குத் தெரியாது. பையன் ஒரு வருஷம் கடையில் வேலை பார்த்துவிட்டு இந்த வருஷம் சேர்ந்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போன அந்த ஒரு வருஷத்தை நான் திருப்பித் தர முடியாது.

இதை ஏன் சபையில் சொல்கிறேன்? நம்மில் பலரும் இப்படித்தான் இருக்கிறோம். வருகிற செய்தி கூடிவிட்டதால் எது செய்தி, எது குப்பை என்று பிரிக்கும் பொறுமை போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு பிறருக்குத் தள்ளிவிடுகிறோம்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018-இல் பார்த்தோம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வம் கும்பிட உறவினர்களோடு வந்த ஒரு வயதான அம்மாவை ஊரே கூடி அடித்துக் கொன்றது. அவர் செய்த குற்றம் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களிலும் இப்படி உயிர்கள் போன பிறகுதான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று நமக்கு எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. கம்பெனிக்காரன் வந்து கையைப் பிடிக்கும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

அடுத்து, வேலை விஷயம். நம் பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். சோற்றில் கை வைக்கும்போது முதலாளியின் செய்தி வருகிறது. பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 முதல், வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அழைப்பைத் தொழிலாளி எடுக்காமல் இருக்க உரிமை உண்டு என்று சட்டம் இருக்கிறது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் இந்தச் சபையில் கடை முதலாளிகள் இருக்கிறீர்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கடைப் பையனுக்கு "நாளைக்குச் சரக்கு இறக்கணும்" என்று அனுப்புவதை, கடை அடைக்கும்போதே வாயால் சொல்லிவிடலாமே!

ஒரு வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்று மத்ரஸாவில் ஓதினோம். போனுக்கும் அந்த ஒழுக்கம் பொருந்தும். பதினேழு தவிர்ந்த அழைப்புகள் தேவையில்லை. "ஹலோ", "இருக்கீங்களா" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் தேவையில்லை. சலாம் சொல்லிவிட்டு விஷயத்தையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள்.

இனி நிர்வாகக் குழுவின் முடிவுகள்.

ஒன்று: அவசர உதவி என்றால் குரல் பதிவோ எழுத்தோ அனுப்பிவிட்டு நிற்காதீர்கள், போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள். மறுபடி கேட்பது நச்சரிப்பு அல்ல, உங்கள் உரிமை.

இரண்டு: அறக்கட்டளை எண்ணுக்கு வரும் குரல் பதிவுகளை அன்றன்றைக்கே கேட்டு நோட்டில் எழுத, ஒரு தம்பியும் ஒரு தங்கையும் பொறுப்பு ஏற்றிருக்கிறார்கள். இஷாவுக்குப் பிறகு நான் அந்த நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

மூன்று: நம் குழுவில் ஜனாஸா, இரத்தம், மருத்துவம், கல்வி, கூட்ட அறிவிப்பு ஆகியவை மட்டுமே வரும். இரத்தம் கேட்டு அனுப்பினால் தேதி, நேரம், மருத்துவமனை, போன் எண் கட்டாயம். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது' என்று அனுப்பியவரே போட வேண்டும். குணமாகி வீடு வந்து வருஷக்கணக்கான பிறகும் அந்தக் குடும்பத்துக்குப் போன் வந்துகொண்டிருப்பது கொடுமை.

நான்காவதுதான் எனக்குப் பிடித்த முடிவு. நான் கல்லூரியில் படித்த காலத்தில், 1991-92-இல், நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். படிப்போடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் பேசாத பேச்சு இல்லை. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள், நம் சமுதாயப் பெண்களும் அதில் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். பஸ்ஸுக்கும் ஆம்பளைக்கும் காத்திருந்த காலம் அவர்களுக்கு அன்றோடு முடிந்தது.

இன்று அதே தாய்மார்கள் ஓ.டி.பி. பார்க்கப் பேரனுக்குக் காத்திருக்கிறார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, மகன் அனுப்பும் குரல் பதிவைத்தான் கேட்க வேண்டும், அதைத் திறக்கவும் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். ஆகவே வரும் ஞாயிறு முதல், மாலை 4 மணிக்கு, இதே இடத்தில் பெண்களுக்குப் போன் வகுப்பு. சொல்லித்தரப் போவது கல்லூரியில் படிக்கும் நம் பெண் பிள்ளைகள். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது முதல் பாடம். நீலக் குறிக்கும் நீல மைக்குக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது பாடம்.

அந்தச் சகோதரியிடம் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். "நானும் வர்றேன் பாய். ஆனா நீங்களும் ஒரு நாள் வந்து உட்காருங்க" என்றார். நியாயம்தானே? முதல் வகுப்பில் கடைசி வரிசையில் நான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.