பழைய வீட்டோடு புது அறை
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மகனுக்குத் திருமணம் நிச்சயமாகிறது. இருக்கும் வீடு போதவில்லை. பின்கட்டை ஒட்டி ஓர் அறை எடுப்பதென்று குடும்பத்தார் முடிவு செய்கின்றனர். ஒரு போக நெல் விற்ற பணமும், அதற்குமேல் நகைக்கடனும் அவ்வறையில் இறங்குகின்றன. இவ்வாறு எழும்பிய அறைகளிற் பல, இரண்டு மழைக்காலம் கழியுமுன்னே, பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் உச்சி முதல் தரை வரை பிளந்து நிற்பதை நாம் ஊர்தோறும் காண்கிறோம். கொத்தனாரைக் குறை கூறுவது எளிது. ஆனால் தண்ணீரும் மணலும் நாளும் கொத்தனார் கையில் இல்லை. வீட்டுக்காரர் கையில் இருக்கின்றன.

பிளவின் காரணத்தை முதலிற் சொல்லிவிடுவோம். பழைய வீட்டின் அஸ்திவாரம் பல ஆண்டுகளாகப் பாரத்தைத் தாங்கி, இறங்கவேண்டிய அளவு இறங்கி நிலைத்துவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் சற்று இறங்கும். இரண்டையும் பல் வைத்து இறுகப் பிணைத்துவிட்டால், ஒன்று இறங்க மற்றொன்று இழுத்துப் பிடிக்க, நடுவே சுவர் கிழிகிறது. கரிசல் மண்ணில் இத்தொல்லை இருமடங்கு; அம்மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதை உழவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே பழைய சுவரோடு பிணைக்காமல், புது அறைக்குத் தனிச் சுவர் எழுப்பி, இடையில் அரை அங்குல இடைவெளி விட்டு, அதனை நெகிழ்வான பொருளால் அடைத்து, மேலே மழைநீர் புகாமல் தகடு போட்டு மூடுவதே நலம். ஒரு சுவர் கூடுதலாகச் செலவாகுமே என்று கேட்பீர்கள். பழைய சுவர் மண் சுவராகவோ சுண்ணாம்புச் சாந்துச் சுவராகவோ இருப்பின், அதன்மேல் புதுக் கான்கிரீட் கூரையை ஏற்றும் துணிவு நமக்கில்லை.

வானம் தோண்டும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்திற்குக் கீழே, அதனை ஒட்டித் தோண்டலாகாது. மழைக்காலத்தில் திறந்த பள்ளத்தை அப்படியே விட்டுவைப்பதும் கூடாது.

இனி, கல். சூளைக்குச் சென்று வண்டியில் ஏற்றுமுன் பாருங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழலாகாது. மூன்றடி உயரத்திலிருந்து தரையில் விட்டால் உடையலாகாது. இவை நம் முன்னோர் அறிந்த சோதனைகள். இன்னொன்றை மளிகைக் கடைத் தராசிலேயே செய்யலாம். காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடை போடுங்கள். ஏறிய எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படின் அக்கல்லை ஏற்க வேண்டாம். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. உவர் மண்ணில் அறுத்த கல் பிற்பாடு வெள்ளை பூக்கும், பூச்சையும் உதிர்க்கும்.

கல் நல்லதாயினும் உலர்ந்த கல்லை அடுக்கினால் வேலை கெட்டுவிடும். உலர்ந்த கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரின்றிச் சிமெண்டு இறுகாது. தொட்டியில் இட்டுக் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து எடுக்கவேண்டும். அடுக்கியபின் மேலே ஒரு வாளி நீர் தெளிப்பது ஊறவைத்ததாகாது.

ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டும் ஆறு பங்கு மணலும் போதும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு ஒன்றுக்கு நான்கு. சிமெண்டு கூடினால் சுவர் வலுக்கும் என்றெண்ணி அள்ளிப் போடுவோர் உளர். மிகையான சிமெண்டு சுருங்கி வெடிக்குமேயன்றி வேறு பயனில்லை. பாண்டுச் சட்டியால் அளப்பதை விட்டு, 35 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 40 உயரமுள்ள மரப்பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். அது 50 கிலோ சிமெண்டு மூட்டையின் கொள்ளளவு. ஈர மணல் உப்பி நிற்கும்; ஆதலால் பெட்டிக் கணக்கில் அதனைச் சற்று மிகுத்தே இடவேண்டும். ஆற்று மணல் அரிதாகிவிட்ட இந்நாளில் எம்-சாண்டு வாங்குவோர், கிரஷர் தூசியை அதுவென்று நம்பி வாங்கிவிடாதிருக்க வேண்டும். நீர் ஊற்றிய சாந்தை இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். சாப்பாட்டு வேளைக்குப் பின் இறுகிய சாந்தில் மீண்டும் நீர் விட்டுக் குழைப்பது பல இடங்களில் நடக்கிறது. அந்தச் சாந்தைக் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

கட்டும்போது கல்லின் பள்ளம் மேல்நோக்கியிருக்க வேண்டும். சாந்தின் கனம் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கட்டும். செங்குத்து இணைப்புகளிலும் சாந்து நிறைய வேண்டும். ஒரு வரியின் இணைப்புக்கு நேர்மேல் அடுத்த வரியின் இணைப்பு வரலாகாது. தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் வரிக்கு வரி வைத்துப் பார்க்கும் கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள். நாளொன்றுக்கு மூன்றடி உயரத்திற்கு மேல் எழுப்பவும் வேண்டாம். அடிவரிகளின் சாந்து இறுகுமுன் பாரம் ஏறினால் சுவர் விலகும். நான்கு சுவரும் ஒன்றாக எழும்புவதே சிறப்பு. நிறுத்த நேர்ந்தால் படிக்கட்டுப்போல் சரித்து நிறுத்துக. சதுர அடிக் கணக்கில் மொத்தக் கூலி பேசுவோர் வேகத்தையே விலைக்கு வாங்குகின்றனர் என்பது நம் எண்ணம். நாட்கூலியாயின் நாளும் மேற்பார்வை வேண்டும். அதற்கும் ஆள் இல்லையேல், மொத்தக் கூலியிலேனும் கடைசித் தவணையை நீர் தெளிக்கும் நாட்கள் முடிந்தபின் கொடுக்கும்படி முன்னரே பேசிக்கொள்க.

நீர் தெளிப்பது குறைந்தது 7 நாள், மூட்டைமேல் பி.பி.சி. என்று அச்சிட்ட சிமெண்டாயின் 10 நாள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்ற வழக்கம் சித்திரை வெயிலுக்குப் போதாது. ஈரச் சாக்கைச் சுவர்மேல் தொங்கவிட்டால் தண்ணீரும் மிச்சமாகும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களே இவ்வேலையைச் செய்கின்றனர். ஏன் இத்தனை நாள் தெளிக்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஊராட்சி உறுப்பினர்கள் சொல்லலாம். பூச்சு வேலைக்கு அவசரம் வேண்டாம். அன்றன்று கட்டிய இணைப்புகளைச் சாந்து பச்சையாக இருக்கும்போதே 10 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டிவிட்டால், பின்னர்ப் பூச்சு அவ்விடுக்குகளிற் பற்றிக்கொள்ளும்.