திவால் சட்டமும் தோட்டத் தொழிலாளரும்

(மாட்டுப்பட்டியில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



கடனில் மூழ்கியவர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதை மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்கள். மலையாளத்தில் பாப்பர் ஆவது என்பார்கள். இரண்டு சொல்லிலும் ஏளனம் உண்டு. அதையே பெரும் நிறுவனம் செய்தால் அதற்குப் பெயர் தீர்வுத் திட்டம். அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளி நிறுவனத்திடமிருந்து வரவேண்டியதாகக் கோரப்பட்ட கடன் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். ரிலையன்ஸ் கூட்டணிக்கு அது கைமாறியது ஏறத்தாழ 5,000 கோடிக்கு. மீதிக்கு வங்கிகள் தலைமுழுகின. அதை யாரும் அவமானம் என்று சொல்லவில்லை.

இதற்கு வழிசெய்த 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தில் தனிநபருக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் ‘புதிய தொடக்கம்’ என்றொரு நடைமுறை இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000க்கும், ஈடில்லாக் கடன் 35,000க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாமல் இருப்பவரின் கடனைத் தள்ளுபடி செய்யலாம் என்கிறது.

சொந்த வீடு இல்லை என்ற நிபந்தனை லயத்தில் வாழ்வோருக்குப் பொருந்தும். வருமானம் பொருந்துமா? 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் பெண் தொழிலாளர்கள் அமர்ந்து போராடினார்கள். அதன் பிறகு நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயானது. அந்தக் கூலியில் ஆண்டுக்கு 200 நாள் கொழுந்து பறித்தாலே 60,200 ரூபாய் ஆகிவிடும். அத்துடன் தகுதி போய்விடும். அதைவிடக் கொடுமை, அந்த நடைமுறையே இன்னும் அமலுக்கு வரவில்லை. 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குப் பிணை நின்ற தனிநபர்களைப் பற்றிய பகுதி மட்டுமே.

எனவே ஏழைக்கு மிஞ்சியிருப்பது பழைய சட்டம்தான்: பிற மாநிலங்களில் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம், கேரளத்தில் 1955ஆம் ஆண்டின் சட்டம். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் அவரது சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குச் செல்லும். கடன் கொடுத்தவர்களுக்கு அது பங்கிடப்படும். பிறகு விடுவிப்பு ஆணை கிடைத்தால் பழைய கடன் ஒழியும். ஆனால் அடகு வைத்த நகை இதனால் திரும்பாது. மோசடி செய்து பெற்ற கடன் ஒழியாது. சேர்ந்து கையெழுத்திட்டவரின் பொறுப்பும் நீங்காது.

கடைசியாகச் சொன்னதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இன்று பெண்கள் வாங்கும் கடனில் பெரும்பகுதி குழுக் கடன். ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் அவருடைய தவணை அடுத்த லயத்துப் பெண்ணின் தலையில் விழும். தனியாகத் தப்பிக்கும் வழி, தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்துகிறது.

திவால் மனு இல்லாமலே கிடைக்கும் பாதுகாப்புகளும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி தொழிலாளியின் கூலி, சேமநல நிதி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. பணிக்கொடைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கூலியில் பிடித்துக்கொள்ளச் சம்மதித்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் நிலை வேறு. 56ஆம் பிரிவுப்படி, பணத் தீர்ப்பை நிறைவேற்ற எந்தப் பெண்ணையும் சிறையில் வைக்க முடியாது. ஆணையும்கூட, வசதியிருந்தும் நேர்மையின்றி ஏய்த்தால் ஒழிய, வறுமைக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பை எழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957 இ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர்.

நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் பொருந்தும். குடும்பத்தின் மாதத் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைத்துத் தொல்லை தரக் கூடாது. பிளேடு வட்டிக்காரர் மீது 2012ஆம் ஆண்டின் கேரள மிகைவட்டித் தடைச் சட்டப்படி புகார் செய்யலாம்.

தோழர்களே, கடனைச் சட்டத்தால் ஒழிக்க முடியும் என்பது புதிய கருத்தல்ல. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை 1859ஆம் ஆண்டின் சட்டம் சிறைக்கு அனுப்பியது. 1925இல் அது நீக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனை ஒரே அடியில் செல்லாததாக்கியது. இங்கிலாந்தில் சிறு கடனாளிகளுக்கான கடன் நிவாரண ஆணை 2009 முதல் உள்ளது. 2024இல் அதற்கான கட்டணமும் நீக்கப்பட்டது.

ஆகவே கிளைகளுக்கு உடனடி வேலை இருக்கிறது. ஒவ்வொரு லயத்திலும் கடன் விவரத்தைக் கணக்கெடுங்கள். வெற்றுத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். வசூலுக்கு வருபவர் மிரட்டினால் குழுவாக நின்று பதில் சொல்லுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். புதிய தொடக்க நடைமுறையை அமலாக்கு, வருமான வரம்பை உயர்த்து, குழுக் கடனில் உடன் கையெழுத்திட்டவரையும் விடுவி என்ற கோரிக்கைகளைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். கடன் வாங்க வைப்பது போதாத கூலி. கூலிக்கான போராட்டமும் கடனிலிருந்து விடுபடும் போராட்டமும் ஒன்றே.