சில்லு தெறிக்கும் வேகம்



2024 ஜனவரியில் அயோத்தியில் நிறுவிய 51 அங்குல பாலராமர் சிலையைச் செதுக்கியவர் மைசூர்ச் சிற்பி அருண் யோகிராஜ். கல்லும் மைசூர் மாவட்டத்துக் கல்தான். வேலை நடந்துகொண்டிருந்தபோது கூரான சில்லு ஒன்று அவர் கண்ணில் பாய்ந்துவிட்டது, அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள் என்று அவர் குடும்பத்தார் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். வலியைப் பொருட்படுத்தாமல் உழைத்தார் என்று பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டட்டும். தலைமுறை தலைமுறையாகக் கல்லோடு பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், மாமல்லபுரம் சாலையோரப் பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிற பையனை யார் நினைப்பது?

கருவிழிக்கு முன்னே இருக்கும் படலம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதற்குக் கல் சில்லு மட்டும் பகை அல்ல. உளியின் தலை அடிபட்டு அடிபட்டு விளிம்பு மடங்கியிருந்தால், அதிலிருந்து இரும்புத் துணுக்கும் பறக்கும். அது உள்ளே தங்கினால் மெல்லத் துருவேறி விழித்திரையைக் கெடுக்கும்.

“நான்தான் பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே” என்பவர்கள் உண்டு. படிப்பதற்குச் செய்த கண்ணாடி உடைந்தால், அதன் துண்டுகளே கண்ணுக்குள் போகும். பக்கவாட்டில் வருவதை அது தடுக்கவும் தடுக்காது. பட்டறைக்கு வேண்டியது பாலிகார்பனேட் வில்லை. 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்த பிளாஸ்டிக் இது. அடி விழுந்தால் நொறுங்காமல் சற்று வளைந்து கொடுத்து அதிர்ச்சியைப் பரப்பிவிடும்.

அதை எப்படி நம்புவது? சோதனைக்கூடத்தில் மனிதத் தலை வடிவத்துக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு அடிக்கிறார்கள். ஐரோப்பிய முறையில் முதல் அடி 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு. எடை 43 கிராம், வேகம் வினாடிக்கு 5 மீட்டர் சொச்சம். கைதவறி விழும் கருவிக்கு இது ஈடு. கல் சில்லோ சின்னது, வேகம் கொண்டது. அதற்கு வேறு சோதனை: ஒரு கிராமுக்கும் குறைவான 6 மில்லிமீட்டர் குண்டை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். மணிக்கு 162 கிலோமீட்டர்! கிரிக்கெட்டில் நம்ம ‘மைசூர் எக்ஸ்பிரஸ்’ ஸ்ரீநாத்கூட அந்த வேகத்தில் பந்து வீசியதில்லை. முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸுக்கு 120 மீட்டர் வரை போவதுண்டு.

வில்லை உடையாவிட்டால் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஃபிரேமிலிருந்து கழன்று பின்பக்கம் விழுந்தாலும் தோல்விதான். இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. வில்லைக்குப் பின்னால், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாளும் அதன்மேல் கார்பன் தாளும் வைப்பார்கள். குண்டு படும்போது வில்லை உள்ளே வளைந்து தொட்டால் தாளில் கறை விழும். கறை விழுந்தால் அந்தக் கண்ணாடி தள்ளுபடி.

இந்தத் தேர்வில் தேறியதற்கான அடையாளம் கண்ணாடியிலேயே பொறித்திருக்கும். ஐரோப்பாவின் பழைய கணக்கில் எஃப் என்ற எழுத்து 45 மீட்டர், பி என்றால் 120. அமெரிக்கச் சரக்கில் இசட் 87 என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 5983, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணைத் தேடுங்கள். எந்தக் குறியும் இல்லாத கண்ணாடி வெயிலுக்குப் போட்டுக்கொள்ள ஆகும், உளி வேலைக்கு ஆகாது.

கண் பாதுகாப்புக்கென்றே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 35ஆவது பிரிவை எழுதினார்கள். ஆனால் 2025 வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டத்துக்கு, மின்சாரத்தோடு பத்துப் பேராவது வேலை செய்தால்தான் ஒரு பட்டறை தொழிற்சாலை. மூன்று பேர் உட்கார்ந்து செதுக்கும் கொட்டகை கணக்கில் வரவில்லை.

வியர்வையில் மங்குகிறது, நகாசு வேலை தெரியவில்லை என்று சிற்பிகள் கழற்றி வைப்பதிலும் நியாயம் இருக்கிறது. மங்காத பூச்சு போட்ட வில்லைகள் கிடைக்கின்றன. கல் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசுங்கள். தின்னர், அசிட்டோன் படவே கூடாது. பாலிகார்பனேட்டில் நுண்விரிசல் ஓடிவிடும். பலமாக அடி வாங்கிய கண்ணாடியை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

சில்லு கண்ணில் குத்திவிட்டால் கசக்காதீர்கள். துணி முனையால் எடுக்கப் பார்க்காதீர்கள். காகிதக் கப் ஒன்றைக் கண்மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டி, நேரே கண் மருத்துவரிடம் போங்கள். குத்தியது கல்லா, இரும்பா என்று மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். இரும்பாக இருக்கலாம் என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது. அதன் காந்தம் துணுக்கை உள்ளேயே நகர்த்திவிடும்.