நாலு கட்டையும் ஒரு ரேடியோவும்

நான் பத்தாவது வரைதான் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. எங்க தெருவில் நடந்ததை மட்டும் சொல்றேன்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னையும் போச்சு, கரண்டு கம்பமும் சாஞ்சது. போனும் கிடைக்கலை. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். நாலாம் நாள், "இன்னொரு புயல் வருதாம்"னு பேச்சு கிளம்பிச்சு. கூரையைப் போய் மூடலாம்னு கூப்பிட்டா, மாமியார் வரமாட்டேன்னு அழுதாங்க.

எங்க வீட்டில் பழைய ரேடியோ ஒண்ணு இருந்தது. அதுக்கு நாலு பெரிய பேட்டரி கட்டை வேணும். கடை எதுவும் திறக்கலை. எங்க டார்ச்சில் ரெண்டு, பக்கத்து வீட்டு அக்கா டார்ச்சில் ஒண்ணு தேறிச்சு. நாலாவதுக்கு, குழுத் தலைவி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பென்சில் கட்டை. அது சின்னது, ஆனா பெரியதும் சின்னதும் ஒண்ணரை வோல்ட்தான். காகிதம் சுத்தி, மிச்ச இடத்துக்குச் சில்லறைக் காசு அடுக்கினோம்.

ரேடியோ பேசலை. பத்தாவதில் படிச்ச தொடரிணைப்பு ஞாபகம் வந்தது. ஒண்ணோட தலை அடுத்ததோட அடியில் படணும். அப்பதான் ஒண்ணரை ஒண்ணரையா கூடி ஆறு வோல்ட் வரும். பார்த்தா, ஒரு கட்டையை நான்தான் தலைகீழாப் போட்டிருந்தேன். அது தன் பங்கைக் கொடுக்காததோட, இன்னொண்ணோட பங்கையும் கழிச்சிடும். மூணு வோல்ட்தான் மிஞ்சும். திருப்பிப் போட்டேன், பேசிச்சு.

மழை வரும்னு செய்தியில் சொன்னாங்க. புயல்னு சொல்லலை. மாமியார் எழுந்து, "தார்ப்பாயை எடு"ன்னாங்க. அன்னைக்கே கூரையை மூடினோம்.

இதை ஆபத்துக்குத்தான் செய்யலாம். பழசும் புதுசும் கலந்தா, பழைய கட்டை சீக்கிரம் தீர்ந்து கசியும். இதே மாதிரி கட்டையைச் சேர்த்து போனுக்கு நேரா கொடுத்துடாதீங்க. போன் சார்ஜர் கொடுக்கிறது அஞ்சு வோல்ட், இது ஆறு.

ஒவ்வொரு குழுவும் ஐப்பசிக்கு முன்னாடி ஒரு ரேடியோவும் நாலு புதுக் கட்டையும் வாங்கி வையுங்க. கட்டையை ரேடியோவுக்குள்ளே போட்டு வைக்காம, தனியா வையுங்க. எங்க குழுவில் சந்தாப் பணத்தில் வாங்கிட்டோம்.