குளக்கரையில் கூடாரம்

மேல்நாடுகளில் விடுமுறைக் காலம் வந்ததும், குடும்பத்தினர் சக்கரம் பூட்டிய சிறு வீடொன்றை மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைகளையும் கால்வாய்க் கரைகளையும் நாடிப் புறப்படுவர். அதனைக் கரவன் என்று அழைப்பர். இவ்வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் முன்னோர் கூடார வண்டி கட்டி, பானை சட்டியும் அரிசி பருப்பும் ஏற்றிக்கொண்டு மடு மாதா கோயிலுக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் சென்ற காலத்தில், வழியில் இரவைக் கழிப்பதற்குக் குளக்கரைகளையே நாடினர். மாட்டுக்கு வேண்டிய நீரும் புல்லும், மனிதருக்கு வேண்டிய நிழலும் அங்கே ஒருங்கே கிடைத்தன. இன்று மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்துவிட்டது. ஆயினும், தங்குவதற்கு இடம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை பெரிதும் மாறவில்லை. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

குளக்கரையில் இரண்டு நாள் தங்குவதற்கு வானொலியில் ஒரு பேச்சு வேண்டுமா எனச் சிலர் கேட்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. வன்னியிலே வாழ்ந்த பெற்றோர் பலருக்குக் கூடாரம் என்னும் சொல் உல்லாசத்தை நினைவூட்டுவதன்று. 2009ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் தறப்பாளின் கீழே காலங்கழித்தனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. அதன் பின்னர் பிறந்த பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையரிற் பலர், தாமாக விரும்பி ஓரிரவேனும் வீட்டுக்கு வெளியே கூடாரத்தில் தங்கியறியாதவர்கள். அத்தகைய குடும்பமொன்றின் முதல் விடுமுறை அச்சத்தில் முடிந்தால், இரண்டாவது விடுமுறை வாராமலே போய்விடும். ஆதலால் முதலில் தேரும் இடம் நல்ல இடமாக இருத்தல் வேண்டும்.

வன்னியிலே குளங்களுக்குக் குறைவில்லை. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, பாலியாற்றின் வவுனிக்குளம், பேராற்றின் முத்தையன்கட்டு என மூன்று பெருங்குளங்களைச் சொன்னாலே போதும். இவற்றுள் முதற் பயணத்துக்கு ஏற்றது எது? காட்டின் அழகை நாடுவோர் முத்தையன்கட்டைச் சொல்வர். நானோ, கிளிநொச்சி நகருக்கு அண்மையில், ஏ9 வீதியிலிருந்து எளிதில் அடையக்கூடிய இரணைமடுவின் அயலையே சொல்வேன். இரவிலே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், விடியும்வரை காத்திராது வைத்தியசாலையை அடையக்கூடிய தூரத்தில் இருப்பது, முதன்முறை செல்வோருக்கு எல்லா அழகினும் மேலானது.

அடுத்து, காலம். வன்னியில் ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரையில் வடகீழ்ப் பருவமழை பெய்யும். அக்காலத்தில் குளக்கரையிலே கூடாரத்தை நினையாதிருத்தலே நன்று. ஆவணி விடுமுறையிலோ சிறுபோகத்துக்கு நீர் பாய்ச்சிப் பாய்ச்சிக் குளம் வற்றிக் கிடக்கும். சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும். காட்டிலே நீரின்றி வருந்தும் விலங்குகள் எஞ்சிய நீரைத் தேடி அங்கேயே வரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய விடுமுறையே ஏற்றது. குளத்தில் நீர் இருக்கும்; காற்றும் அடங்கியிருக்கும். பிற்பகலில் இடியோடு மழை வருதல் அம்மாதத்தின் இயல்பாதலால், வெளியிலே தனித்து நிற்கும் மரத்தின் கீழ் மட்டும் கூடாரம் அடித்தலாகாது. மருதமரம் நிழல் தரும் என்பது உண்மையே. எனினும் படுப்பதற்கு முன்னர் நிமிர்ந்து பார்த்து, தலைக்கு மேலே பட்ட கொப்பு உண்டா எனக் கண்டுகொள்ள வேண்டும்.

இனி, கரையில் எவ்விடம் என்பது. புதிதாகச் செல்வோர் விரும்புவது இரண்டு இடங்களை. ஒன்று, அலைகரையிலே நீரை ஒட்டிய பசும்புற்றரை. மற்றொன்று, வான்கதவுகளுக்குக் கீழே காய்ந்து கிடக்கும் ஆற்றுமணல். இரண்டும் தவிர்க்கத்தக்கவை. அலைகரையிலே சருகும் சுள்ளியும் ஒதுங்கிக் கோடிட்டாற்போற் கிடக்கும் இடத்தைக் காணலாம். அதுவே குளம் நிறைந்தபோது நீர் நின்ற எல்லை. கூடாரம் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருத்தல் வேண்டும். உயரம் எத்தனையோ அத்தனை நன்று. ஆற்றுமணலைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. 2018 டிசெம்பரிலே இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் எவ்வாறு வெள்ளத்தில் ஆழ்ந்தன என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழை நம் கண்ணுக்குத் தெரியாது. நம் தலைக்கு மேலே வானம் தெளிவாகவே இருக்கலாம். வாய்க்காலின் உட்புறமும் அத்தகையதே. துருசு திறக்கும் நேரம் வயலின் தேவையைப் பொறுத்தது. நம் உறக்கத்தைப் பொறுத்ததன்று.

நீராடும் துறையையும் இடம் தேரும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இரணைமடு என்னும் பெயருக்கு இரட்டை மடு என்பது பொருள். மடு என்றாலே ஆழம். குளம் நிறைந்தால் 36 அடி நீர் நிற்கும். குளக்கட்டை அமைக்க மண் அகழ்ந்த பள்ளங்கள் நீருக்குள் மறைந்திருத்தல் பல குளங்களில் உண்டு. துருசின் அருகே நீரின் இழுவை வெளியே தெரியாது. ஆதலால் அயலூரார் நாள்தோறும் குளிக்கும் துறை எதுவோ அதிலேயே, அவர்கள் இறங்கும் அளவுக்கே இறங்குதல் தகும். அவர்கள் இறங்காத துறைக்கு ஏதேனுமொரு காரணம் இருக்கும். முதலை அக்காரணங்களுள் ஒன்று. குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். காலிற் புண்ணுள்ள பிள்ளையைச் சேற்று நீரில் இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியாகவும் வரும்.

யானையைப் பற்றி ஒரு சொல். யானை நம்மைத் தேடி வருவதில்லை. நீரைத் தேடித் தன் தடத்திலே வருகின்றது. அத்தடத்தில் நாம் படுத்திருப்பதே ஆபத்து. முறிந்த கிளையும், மிதிபட்ட புதரும், இலத்தியும் கண்ட இடத்தில் ஒருகணமும் யோசியாது வேறிடம் பாருங்கள். உப்பையும் பழங்களையும் கூடாரத்தினுள்ளே வைத்து உறங்காதீர்கள். மக்கள் குடியிருப்பின் விளக்கொளி தெரியும் தூரத்தில் தங்குவதே முதன்முறை செல்வோருக்குப் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. போர் 2009இல் முடிந்தது. எனினும் மிதிவெடி அகற்றும் பணி அதன் பின்னரும் ஆண்டுக்கணக்காக நடைபெற்று வந்திருக்கின்றது. பாலைப்பழமும் வீரைப்பழமும் பறிக்கப் பிள்ளைகள் காட்டுக்குள் ஓட விரும்புவது இயல்பு. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை என்ன சொல்கின்றது என்பதைப் புறப்படுமுன்னரே அவர்களுக்குக் கற்பியுங்கள். மக்கள் நடந்து பழகிய பாதையைவிட்டு விலகுதல் கூடாது. நிலத்திற் கிடக்கும் இரும்புத் துண்டு எதனையும் தொடுதல் கூடாது. கண்டால் பெரியோரிடம் சொல்ல வேண்டும். பெரியோர் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நாமாக ஆராய்ந்து அறிய முடியுமா என்று நீங்கள் மலைக்க வேண்டாம். வெள்ளம் எதுவரை வந்தது, யானை எவ்வழி வருகின்றது, எத்துறை ஆழம், எந்நிலம் நம்பத்தக்கது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் அயலிலுள்ள கமக்காரரும் குளத்திலே மீன் பிடிப்பவர்களும் ஆவர். பொழுது சாயுமுன்னர் சென்று, "அண்ணை, இவ்விடத்திலே பிள்ளைகளோடு தங்கலாமா?" என்று கேட்பதே இடம் தேரும் முறைகளுள் முதன்மையானது. அவர் தலையசைத்துத் தயங்கினால், காரணம் கேட்டு வாதாடாது அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். பெருங்குளங்களின் கட்டும் ஒதுக்கு நிலமும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. காடுகளுக்கும் சரணாலயங்களுக்கும் தனித்தனித் திணைக்களங்கள் உண்டு. கிராம அலுவலரைக் கேட்டால், யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

குளம் நமக்குக் காட்சிப்பொருளாக இருக்கலாம். அயலிலுள்ளவருக்கு அது சோறு. அவருடைய வாய்க்காலிற் சவர்க்காரம் கரைப்பதும், வலையை அவிழ்ப்பதும், போத்தல்களை உடைத்து எறிவதும் விருந்தினருக்கு அழகல்ல. அடுப்பெரித்த சாம்பலை நீரூற்றி அணைத்து, கொண்டு சென்றவற்றை மீளக் கொண்டு வருதல் வேண்டும்.

பெற்றோர்களே, நீங்கள் அறிந்த கூடாரம் வேறு. அதனை நீங்கள் மறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது ஆகக்கூடியதுமன்று. ஆனால் உங்கள் பிள்ளை அறியும் முதற் கூடாரம், தந்தை தன் கையால் இடம் பார்த்து அடித்ததாகவும், தாய் அச்சமின்றி உறங்கியதாகவும் இருக்கட்டும். அதற்கு வேண்டியது பெருஞ்செலவன்று. ஒரு மாலைப்பொழுதின் பொறுமையும், ஊராரைக் கேட்டறியும் பணிவுமே போதும்.