மோசியின் பெயர்



செஞ்சிக்குப் பக்கம்தான் தொண்டூர். அங்கே பாறையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் உண்டு. கூடவே தமிழி என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு, ஏறக்குறைய 1,700 வருஷப் பழசு. செய்யச் சொன்னவர் யார், செய்தவர் யார் என்று இரண்டையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். செய்தவர் மோசி. பக்கத்து அகலூரின் பெயரும் அதில் வருகிறது.

இந்தப் பக்கத்துத் திருவிழா ஒன்றில் கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருவன் தன் லேப்டாப்பைக் காட்டினான். பழைய பாட்டு ஒன்றில் ஒரு பெண் 'ஏ...' என்று இழுக்கிறார். அடுத்த தபலா அடி விழுவதற்குள் அந்த 'ஏ'யை நறுக்கி எடுத்து ஒரு கட்டையில் ஏற்றிவிட்டான். மேல்கட்டையைத் தொட்டால் அதே அம்மா குழந்தையாகிறார். கீழே இறங்கினால் ஆண்பிள்ளைக் குரல். இதைத்தான் 'சாம்பிள்' என்கிறார்கள்.

"யார் குரல் தம்பி?" என்றேன்.

"தெரியலைண்ணே, நெட்ல கிடைச்சுது."

மோசிக்குக் கல்லில் கிடைத்த பெயர் இந்தக் குரலுக்குக் கிடைக்கவில்லை. உலகமெங்கும் இதே கதைதான். சாலமன் தீவுகளில் அஃபுனக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை 1970இல் ஆய்வாளர் ஹ்யூகோ செம்ப் பதிவு செய்தார். 1992இல் 'டீப் ஃபாரஸ்ட்' என்ற பிரெஞ்சுக் குழு அந்தக் குரலை எடுத்துத் தாளம் சேர்த்தது. பாட்டு உலகம் சுற்றியது. கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அஃபுனக்வாவைத் தெரியும்? நம் பக்கமும் இந்தப் புழக்கம் உண்டு. லண்டன் ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் 'பம்பூ பங்கா'வில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாண்டார். அது இளையராஜா இசை என்று நமக்குச் சட்டென்று தெரிந்துவிடும். பெயர் பெற்றவருக்கு அந்த வசதி இருக்கிறது.

2024இல் கதை வேறு திசைக்குப் போனது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் வரவழைத்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். முறையான காரியம். சாகுல் ஹமீது போனது 1997இல். 'திருடா திருடா'வில் வாத்தியமே இல்லாமல், வெறும் குரல்களின் நடுவே 'ராசாத்தி' பாடியவர் அவர். சாம்பிள் என்றால் பாடியதைத்தான் வெட்டுகிறோம். இங்கே பாடாததையே பாட வைக்கிறோம். "இந்த வரியை நான் இப்படி எடுக்க மாட்டேன்" என்று சொல்ல அவர் இல்லையே என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

செஞ்சி வட்டாரத்தில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குப் பின்பாட்டு தெரியும். வேஷக்காரர் ஓர் அடி பாட, பின்னால் நிற்கிறவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அதுவும் ஒருவகை சாம்பிள்தான். ஆனால் பாடினவர் வியர்வை வழிய எதிரிலேயே நிற்கிறார். பிசகினால் திரும்பி ஒரு முறை முறைப்பார்!

அந்தத் தம்பியைப் போன வாரம் பார்த்தேன். 'ஏ' இன்னும் அவனிடம் இருக்கிறது. கோப்புக்கு அவன் வைத்திருக்கிற பெயர், 'அம்மா குரல் 2'.