நிணநீரும் மெல்லிய தடவலும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்று நலமடைந்த பெண்மணி ஒருவர், சில மாதங்களின் பின் ஒரு கையில் மட்டும் வளையல் இறுகுவதைக் காண்கின்றார். கை கனக்கின்றது, விரலால் அழுத்தினாற் குழி விழுகின்றது. நோவெண்ணெய் பூசி நன்றாக உருவிவிட்டால் வற்றிவிடும் என்று அயலவர் கூறுகின்றனர். அன்பினாற் கூறப்படும் இவ்வாலோசனை அக்கைக்குத் தீங்காகவே முடியலாம். காரணத்தை உணர, உடலினுள் ஓடும் நிணநீரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர், இழையங்களுக்கு உணவூட்டிய பின் முழுவதும் நேரே குருதிக்கு மீள்வதில்லை. எஞ்சியதை நிணநீர்க் குழாய்கள் ஏந்திச் சென்று, கழுத்தின் அடியிலுள்ள பெருநாளங்களிற் சேர்க்கின்றன. நாளொன்றுக்கு 2 முதல் 4 லீற்றர் வரை இவ்வாறு சேர்வதாகக் கணிப்பர். வழியிலே கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள் கிருமிகளைத் தடுத்து நிறுத்துகின்றன. காலிற் புண் வந்தால் நெறி கட்டியிருக்கின்றது என மக்கள் சொல்வது இக்கணுக்களின் வீக்கத்தையே.

அக்குட் கணுக்கள் சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டாலும், கதிர்ச் சிகிச்சையாற் பழுதுற்றாலும் கையின் நிணநீர் தேங்கக்கூடும். இலங்கையின் மேற்கு, தெற்குக் கரையோரங்களில் முன்னர் பரவியிருந்த யானைக்கால் நோயில், நுளம்பு கொணர்ந்த புழுக்களே இக்குழாய்களைக் கெடுத்தன. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் இலங்கையில் நீங்கிவிட்டதென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் அறிவித்தது. ஆயினும் முன்பு வீங்கிய கால்கள் இன்றும் பராமரிப்பை வேண்டி நிற்கின்றன.

தேங்கிய நிணநீரைக் கையாற் செலுத்தும் முறையை வகுத்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடரும் அவர் மனைவி எஸ்திரிட்டும் ஆவர். 1930களில் பிரான்சின் கான் நகரில், தீராத தடிமனால் வருந்தியோரின் வீங்கிய கழுத்துக் கணுக்களை மெதுவாகத் தடவி ஆராய்ந்த அவர்கள், 1936ஆம் ஆண்டு பாரிசில் தம் முறையை வெளியிட்டனர்.

இம்முறையின் உயிர் மென்மையே. நிணநீர் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே தொடங்குகின்றன. ஆகவே சிகிச்சையாளரின் கை தோலை மெல்ல இழுத்து விடுகின்றதேயன்றித் தசையைப் பிசைவதில்லை. எண்ணெயும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. தோல் சிவத்தலோ நோதலோ கூடாது. வீங்கிய இடத்திலே தொடங்குவதுமில்லை. வெள்ளம் நின்ற வயலிற் கமக்காரன் முதலிற் செய்வது யாது? கீழேயுள்ள வடிகாலின் அடைப்பை நீக்குவதன்றோ! அவ்வாறே முதலிற் கழுத்தும் பின் நெஞ்சும் தடவப்பெற்ற பின்னரே கைக்கு முறை வருகின்றது.

தடவல் ஒன்றே போதும் என எண்ணுதலும் தவறு. வடிந்த நீர் மீண்டும் தேங்காமற் காப்பன முறையாகச் சுற்றிய கட்டுத்துணியும் அளவெடுத்து அணியும் இறுக்கவுறையுமே. இவற்றோடு இலேசான உடற்பயிற்சியும் தோற் சுத்தமும் வேண்டும். நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல் சிறு செயலாயினும், கிருமி புகுவதைத் தடுக்கும் பெருங்காவல் அது.

சிலர் இச்சிகிச்சையை நாடுமுன் வைத்தியரையே நாடுதல் வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோகுமாயின், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதனைத் தடவுதல் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலுடன் தோல் சிவந்து சுடுமாயின் அது கிருமித் தொற்று. மருந்தே முதல் தேவை. இருதயமோ சிறுநீரகமோ தளர்ந்தோரின் உடலில், திரும்பி வரும் நீர் மேலும் பாரமாகும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் தம் வைத்தியரின் இணக்கத்தைப் பெறுதல் வேண்டும். இவ்வரலாறுகளைக் கேட்டறியாமலே கைவைக்க முனைபவரிடம் உடலை ஒப்படைத்தல் தகாது.

இத்தடவலால் உடல் மெலியும், நஞ்செல்லாம் வெளியேறும் என விளம்பரம் செய்வோரும் உளர். வடிவது நீரேயன்றிக் கொழுப்பன்று. கழிவை அகற்றும் பணியை ஈரலும் சிறுநீரகமுமே இடையறாது ஆற்றுகின்றன.

வளையல் இறுகிய அப்பெண்மணி செய்யத்தக்கது, வீக்கம் சிறிதாயிருக்கும்போதே தமக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலைக்குச் சென்று கையைக் காட்டுதலாகும். தொடக்கத்திற் கவனித்த வீக்கம் எளிதில் அடங்கும். ஆண்டுகள் கடந்து தடித்து இறுகிய வீக்கம் எளிதில் இணங்குவதில்லை.